பொகவந்தலாவைக் கல்லறையும் ஒரு பச்சைக் கோடும்

மலைநாட்டு வரலாற்றுத் தொடர் – 14

சென்ற இதழைக் கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவோடு நிறுத்தியிருந்தேன். 1830இல் வந்து, நீதிமன்றங்களை எப்படித் திருத்துவது என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிய சார்ள்ஸ் ஹே கமரனுக்கு இந்தத் தீவின்மேல் இருந்த ஆசை போகவில்லை. கோப்பித் தோட்டங்கள் வாங்கினார். 1875இல், எண்பது வயதில், மனைவியோடு இங்கேயே குடிவந்துவிட்டார். வரும்போது இரண்டு சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றி வந்தார்கள் என்றொரு கதை அந்தக் குடும்பத்தில் வழங்கியது. பெட்டிகள் வீண்போகவில்லை. 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாவில் மனைவி இறந்தார். அடுத்த ஆண்டு கணவரும் போய்விட்டார். ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் போனால் வருகிற பொகவந்தலாவையில், புனித மரியாள் தேவாலய வளவில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள்.

நம் சட்டப் புத்தகங்களில் நிலைத்தது கணவரின் பெயர். உலகம் தேடிவந்து பார்ப்பதோ மனைவியின் கல்லறையை. ஜூலியா மார்கரெட் கமரன் 19ஆம் நூற்றாண்டின் பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவர். இங்கே வந்த பிறகு தோட்டத் தொழிலாளரையும் படம் பிடித்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் இருக்கும் கவிஞர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் பெயர் உண்டு. நம்மவர்களின் முகத்துக்குக் கீழே பெரும்பாலும் பெயர் இல்லை. அந்தக் கணக்கைப் பிறகொரு நாள் பார்ப்போம். இன்றைக்கு எனக்கு வேண்டியது அவர் 1867இல் எடுத்த ஒரு கிழவரின் படம். தலைமுடி பரட்டையாக, இருட்டிலிருந்து முகம் மட்டும் மிதந்து வருவது போல இருக்கும். ஜோன் ஹெர்ஷெல்.

ஜூலியா அவரை 1836இல் நன்னம்பிக்கை முனையில் சந்தித்தார். புகைப்படம் என்றொரு பொருள் உலகத்துக்கு வந்ததும் அவருக்குச் செய்தி சொன்னவரே ஹெர்ஷெல்தான். படத்தை நிலைநிறுத்துகிற ‘ஹைப்போ’ உப்பின் குணத்தைக் கண்டறிந்தவரும் அவரே. வானியலாளர், வேதியியலாளர், கைக்கு எட்டியதையெல்லாம் துருவிப் பார்க்கிறவர். 1845இல் அவர் ஒரு குவளையைப் பார்த்து வியந்து கட்டுரை எழுதினார். குவளைக்குள் இருந்தது கொயினா கரைத்த தண்ணீர். எதிரே பார்த்தால் பச்சைத் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கிறது. வெயில் விழும் மேற்பரப்பில் மட்டும் வானத்து நீலம் மிதக்கிறது. ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

கொயினா நமக்கு அந்நியமில்லை. சின்கோனா மரத்தை நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கலையில் நட்டது 1861இல். 1869இல் கோப்பி இலையில் செம்புள்ளி கண்டு தோட்டங்கள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கியதும், துரைமார் முதலில் தாவியது தேயிலைக்கு அல்ல, இந்தப் பட்டைக்குத்தான். 1880களின் நடுவில் ஆண்டுக்கு ஒரு கோடி றாத்தலுக்கு மேல் பட்டை கப்பலேறியது. எல்லோரும் விற்றால் யார் வாங்குவது? விலை சரிந்தது, மரங்கள் வெட்டுப்பட்டன, அந்த இடத்தில் தேயிலை ஏறியது. நம் முன்னோர் உரித்த பட்டையில் இருந்த சாறும் ஹெர்ஷெலின் குவளையில் நீலம் காட்டிய சாறும் ஒன்று.

இதை யாரும் செய்து பார்க்கலாம். ஹட்டன் டவுனில் ஒரு கடையில் ஐயாயிரம் ரூபாய் நோட்டைச் சோதிக்க ஊதா விளக்கு வைத்திருக்கிறார்கள். கொயினா சேர்ந்த டொனிக் வோட்டர் போத்தலை அதன் கீழே பிடித்தேன். கண்ணாடிக்குள் ஒரு நீலம் எழுந்தது. ஊதா விளக்கின் நிறம் அல்ல, அதைவிட மென்மையான இன்னொன்று. கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்து, “ஏங்க மாஸ்டர், இதைக் குடிக்கலாமா?” என்றார். குடித்துக் காட்டினேன். கசப்பைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இல்லை.

1852இல் இங்கிலாந்தின் ஸ்டோக்ஸ் இந்த நீலத்தை விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத ஊதா கடந்த ஒளியை விழுங்கி, கண்ணுக்குத் தெரியும் நீலமாகக் கொயினா திருப்பித் தருகிறது. வாங்கியதைவிடத் தருவது குறைவு. மிச்சம் சூடாகக் கரைந்துவிடுகிறது. ஆனால் ஒளியை விழுங்கி வைத்திருப்பது எங்கே, திருப்பித் தருவது யார் என்பதற்கு அவரிடமும் பதில் இல்லை. அதற்கு இன்னும் அறுபது ஆண்டு போகவேண்டியிருந்தது. அந்த அறுபது ஆண்டுக் கதை இலங்கையைத் தொட்டுக்கொண்டு போகிறது.

கொயினா பெரிய மூலக்கூறு. அது தரும் நீலம் பரந்து குழைந்து கிடக்கும். தனி அணு தரும் ஒளியைப் பார்க்க உப்புப் போதும். லயத்து விறகு அடுப்பில் போட்டால் அவ்வளவாகத் தெரியாது. விறகுத் தீ தானாகவே மஞ்சள். கரித்துகள் சூடேறி ஒளிர்கிறது, அதில் எல்லா நிறமும் கலந்திருக்கும். காஸ் அடுப்பின் நீலச் சுவாலையில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவுங்கள். சோற்றுத் தண்ணீர் பொங்கி வழிந்தாலும் சரிதான். சட்டென்று ஒரு மஞ்சள் பாயும். அதை முப்பட்டகத்தால் பிரித்தால் வானவில் வராது. இருட்டுக்கு நடுவே மஞ்சளில் ஒட்டி ஒட்டி இரண்டே கோடுகள்: 589.0 நானோமீற்றர், 589.6 நானோமீற்றர். கடலுப்போ இந்துப்போ, ஹம்பாந்தோட்டையோ ஆனையிறவோ, கோடு இம்மி நகராது.

சுவாலையின் நிறத்தை வைத்து அதில் என்ன பொருள் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என 1820களிலேயே எழுதியவர் அதே ஹெர்ஷெல். அதை ஒரு முறையாக நிறுவியவர்கள் ஹைடல்பேர்க்கின் கிர்க்கோஃபும் புன்சனும், 1859–60இல். ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு கைரேகை. சீசியத்தையும் ருபிடியத்தையும் அவர்கள் கண்டுபிடித்ததே இந்தக் கோடுகளை வைத்துத்தான். பிறகு என்ன, ஆளாளுக்கு நிறமாலைக் கருவியை வானத்தின் பக்கம் திருப்பினார்கள்.

1868 ஆகஸ்ட் 18ஆம் திகதி முழுச் சூரிய கிரகணம் இந்தியாவைக் குறுக்கே கடந்தது. குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் பொக்சன், ஜம்கண்டியில் ஹெர்ஷெலின் மகனான லெப்டினன்ட் ஹெர்ஷெல். சூரிய விளிம்பில் எழும் நெருப்பு நாக்குகளில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியம்தான் என்று முதலில் நினைத்தார்கள். அளந்து பார்த்தால் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. இது புதுத் தனிமம் என்று, ஆங்கிலேய வானியலாளர் லொக்கியர் அதற்கு ஹீலியம் என்று பெயரிட்டார். பூமியில் அது கையில் கிடைத்தது 1895இல். இந்த ஹீலியக் கதையில் சபரகமுவை மாணிக்கக் கல் மண்ணில் கிடைத்த ஒரு கறுப்புக் கல்லும், 1904இல் அதை இனங்கண்ட நம் ஆனந்த குமாரசுவாமியும் உண்டு. கலை மேதையாக மட்டும் அறியப்பட்ட அவர் அப்போது இலங்கைக் கனிய அளவையின் பணிப்பாளர். அது ஓர் இதழ் நிறையச் சொல்லவேண்டிய கதை. இங்கே அவசரப்படுத்த மனமில்லை.

மூன்று ஆண்டு கழித்து ஒரு முழுக் கிரகணம் நமக்கே வந்தது. 1871 டிசம்பர் 12, காலை. நிழல் நீலகிரியையும் புதுக்கோட்டையையும் கடந்து, யாழ்ப்பாணம், திருகோணமலை வழியாகக் கடலில் இறங்கியது. மலைநாட்டில் சூரியன் முழுதாக மறையவில்லை. கோப்பிப் பழம் பறிக்கிற காலம். பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போய்விட்டிருப்பார்கள். மேகம் விலகியிருந்தால் பிறை போன்ற சூரியனைப் பார்த்திருப்பார்கள்.

இங்கிலாந்திலிருந்து வந்த குழுவில் ஒருவர் திருகோணமலையில் நிறமாலைக் கருவியோடு நின்றார். ஹென்றி நொட்டிட்ஜ் மோஸ்லி, வயது 27. உண்மையில் அவர் விலங்கியலாளர். சூரியன் வேலை முடிந்ததும் பேராதனைத் தோட்டத்தில் ஈரத் தரையில் ஊரும் தட்டைப் புழுக்களைச் சேர்த்துக்கொண்டு போய், அவற்றின் உடற்கூற்றைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டே ‘சலெஞ்சர்’ கப்பலில் உலகம் சுற்றக் கிளம்பிவிட்டார்.

அந்த இரண்டு நிமிடச் சொச்ச இருட்டில், சூரியனைச் சுற்றி வெள்ளி முடி போல விரியும் ‘கொரோனா’ ஒளிவட்டத்தில், எல்லோரும் தேடிய கோடு ஒன்று உண்டு. இரண்டு ஆண்டுக்கு முன் அமெரிக்காவில் கண்டது. பச்சை நிறம், 530.3 நானோமீற்றர். பூமியில் தெரிந்த எந்தப் பொருளின் கைரேகையோடும் அது பொருந்தவில்லை. மஞ்சள் கோட்டுக்குப் புதுத் தனிமம் வைத்தது போல இதற்கும் ஒன்றை வைத்தார்கள்: கொரோனியம். ஹைட்ரஜனை விட இலேசான வாயுவாக இருக்கலாம் என்று, தனிமங்களை அட்டவணையாக்கிய மெண்டலீவ் வரைக்கும் சொல்லிப் பார்த்தார். ஹீலியத்துக்கு வாய்த்த அதிர்ஷ்டம் கொரோனியத்துக்கு வாய்க்கவில்லை. எந்தக் கல்லை உடைத்தாலும் அது வரவில்லை.

கோடு கோடாக ஏன் வரவேண்டும்? 1911இல் ரதர்ஃபோர்ட் அணுவின் நடுவே ஒரு சின்னக் கரு இருக்கிறது என்றார். 1913இல் நீல்ஸ் போர், இலத்திரன்கள் கருவைச் சுற்றி இஷ்டத்துக்கு நிற்க முடியாது, குறித்த சக்திமட்டங்களில் மட்டுமே நிற்கலாம் என்றார். மேலே இருப்பது கீழே இறங்கும்போது இரண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரே பொட்டலமாக ஒளியாக வெளியேறும். வித்தியாசம் நிலையானது, ஆகவே நிறமும் நிலையானது.

சாதாரண தரப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் லயத்தைத்தான் சொல்வேன். கருவுக்குப் பக்கத்தில் இருக்கிற முதல் லயத்தில் இரண்டே காம்பரா. மேட்டில் இருக்கிற இரண்டாவதில் எட்டு. மூன்றாவது பெரியது, பதினெட்டு. வருகிறவர்கள் பெரும்பாலும் கீழிருந்து நிரப்பிக்கொண்டு போகவேண்டும். இடைவழியில் பாய் விரிக்க முடியாது. ஒரு காம்பராவில் ஒரே ஓர் இலத்திரன். 1925இல் பவுலி போட்ட சட்டம். எங்களைப் போல ஒரே காம்பராவில் எட்டுப் பேர், இஸ்தோப்பில் தாத்தா என்பதெல்லாம் அங்கே நடக்காது.

சோடியத்துக்குப் பதினொரு இலத்திரன். இரண்டு, எட்டு, ஒன்று. மூன்றாவது லயத்தில் தன்னந்தனியாக இருக்கிற அந்த ஒருவர்தான் நம் அடுப்பு மஞ்சளுக்குக் காரணம். சுவாலையின் சூட்டில் மோதுப்பட்டு, அதே லயத்தில் சற்று உயரத்தில் காலியாகக் கிடக்கும் காம்பராவுக்கு ஏறுவார். அங்கே தங்கல் ஒரு செக்கனின் ஆறு கோடியில் ஒரு பங்கு போல. இறங்கும்போது மஞ்சள். அந்த மேல் காம்பராக்கள் மயிரிழை வித்தியாசத்தில் இரண்டு உயரத்தில் இருப்பதால்தான் கோடும் இரட்டையாக வருகிறது. கீழே இருக்கிற பத்துப் பேரும் இந்த அமளியில் அசைவதே இல்லை. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் அநேகமாக வெளி லயத்துக்காரர்களின் வேலை.

அப்படியானால் உள் லயத்தில் என்ன நடக்கிறது? இதைக் கேட்டவர் ஹென்றி மோஸ்லி. திருகோணமலை மோஸ்லியின் மகன். தகப்பன் 1891இல் இறந்தபோது பிள்ளைக்கு நாலு வயது நிறையவில்லை. இலங்கைக் கதையைத் தகப்பன் வாயால் கேட்டிருந்தாலும் நினைவில் நின்றிருக்காது. மகன் புழுப்பக்கம் போகவில்லை. மன்செஸ்டரில் ரதர்ஃபோர்டிடம் சேர்ந்தார். நீல்ஸ் போரின் கருத்து உண்மையா என்று பார்க்க எக்ஸ் கதிரைக் கையில் எடுத்தார்.

வேகமான இலத்திரனை ஒரு உலோகத்தின்மேல் அடித்தால், முதல் லயத்தில் இருக்கிற ஒருவரே வெளியே தூக்கி எறியப்படுவார். காலியான அந்த இடத்துக்கு இரண்டாம் லயத்திலிருந்து ஒருவர் இறங்குவார். கருவுக்கு அவ்வளவு பக்கத்தில் இழுப்பு மிகப் பெரிது. ஆகவே வெளியேறும் பொட்டலமும் பெரிது. செம்பில் அது சோடிய மஞ்சளைப் போல ஏறத்தாழ நாலாயிரம் மடங்கு. அதுவே எக்ஸ் கதிர்.

ஒவ்வொரு உலோகமாக மாற்ற ஒவ்வொரு தடவையும் குழாயைத் திறந்து காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தால் வருடம் போய்விடும். மோஸ்லி ஒரு தந்திரம் செய்தார். உலோகத் துண்டுகளைச் சின்ன வண்டியில் வரிசையாக ஏற்றி, வெற்றிடக் குழாய்க்குள் தண்டவாளம் போட்டு, பட்டுத் தூண்டில் நூலால் இழுத்தார். கொழுந்துச் சாக்கைக் கம்பியில் தொங்கவிட்டு ஸ்டோருக்கு இறக்குகிற வேலையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வெளிவந்த கதிரை ஒரு பளிங்கால் பிரித்துப் புகைப்படத் தட்டில் விழவைத்தார். கல்சியத்திலிருந்து நாகம் வரை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியபோது கோடுகள் படிக்கட்டுப் போல இறங்கின. அதிர்வெண்ணின் வர்க்கமூலம் ஒரு தனிமத்திலிருந்து அடுத்ததுக்கு ஒரே அளவில் கூடுகிறது. கருவில் ஒரு ஏற்றம் கூடினால் ஒரு படி.

அதுவரை தனிமங்களை நிறையை வைத்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். கோபாற்று நிக்கலைவிடக் கொஞ்சம் கனம்; ஆனால் குணத்தைப் பார்த்தால் அது முன்னால் நிற்கவேண்டும். மோஸ்லியின் தட்டில் சந்தேகமே இல்லை: கோபாற்று 27, நிக்கல் 28. வரிசை எண் என்பது வெறும் இலக்கம் அல்ல, கருவின் ஏற்றம். அதே அளவு இலத்திரன் வெளியே லயங்களில் குடியிருக்கிறது. பெரட்டுக் கணக்கில் ஆள் வராத இடம் பளிச்சென்று தெரிவது போல, 43, 61, 75 ஆகிய இடங்கள் காலி என்றும் சொல்லிவிட்டார். 75 கிடைத்தது 1925இல், 43, 1937இல், 61, 1945இல்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மகன் போட்ட வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு எண்கள் மட்டும். ஹைட்ரஜனுக்கு முன்னால் இடம் இல்லை. ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் நடுவில் ஒன்றரை என்று ஒரு இடம் இல்லை. தகப்பனின் தலைமுறை கிரகணத்தில் கண்ட கொரோனியத்துக்கு நாற்காலியே கிடையாது. பச்சைக் கோடு பொய்யல்ல, பெயர்தான் பொய். அப்படியானால் அது யாருடைய கோடு?

மோஸ்லி அதைத் தேடவில்லை. முதல் உலகப் போர் வந்தது. ரதர்ஃபோர்ட் உள்ளிட்டவர்கள் ஆய்வுகூடத்திலேயே நிறுத்திவைக்கப் பார்த்தும் கேட்காமல் பட்டாளத்தில் சேர்ந்து, கலிப்பொலிக்கு அனுப்பப்பட்டார். அதே 1915இல் அதே கரையில் நம் துரைமாரும் இருந்தார்கள். 1914 ஒக்டோபரில் கொழும்பில் கப்பலேறிய இலங்கைத் தோட்டத் துரைமார் ரைபிள் படையினர், அன்சாக் குடாவில் ஜெனரல் பேர்ட்வுட்டுக்குக் காவல் நின்றார்கள். ஓகஸ்ட் 10ஆம் திகதி, தொலைபேசியில் ஒரு கட்டளையைச் சொல்லிக்கொண்டிருந்த மோஸ்லியின் தலையில் குண்டு பாய்ந்தது. வயது 27. தகப்பன் திருகோணமலையில் நின்ற அதே வயது. போர்க்களத்தில் எழுதிய உயிலில், தனக்கிருந்ததை ஆராய்ச்சிக்காக லண்டன் ரோயல் சொசைற்றிக்கு விட்டிருந்தார்.

பச்சைக் கோட்டின் முடிச்சை 1940களின் தொடக்கத்தில் சுவீடனின் எட்லேன் அவிழ்த்தார். புதுத் தனிமம் ஒன்றுமில்லை. இரும்பு. மோஸ்லியின் வண்டியில் ஏறிப் போன அதே 26ஆம் நம்பர். அதன் இலத்திரன்கள் சாதாரணமாக இரண்டு, எட்டு, பதினான்கு, இரண்டு என்று நாலு லயத்தில் குடியிருக்கும். சூரிய ஒளிவட்டத்தில் சூடு பத்து இலட்சம் பாகைக்கு மேல். அங்கே வெளியாட்கள் பதின்மூன்று பேர் பிடுங்கி எறியப்பட்டு, மிச்சம் பதின்மூன்று பேர் இரண்டு, எட்டு, மூன்று என்று ஒடுங்கிக் கிடக்கிறார்கள். ஆள் குறைந்ததும் கருவின் பிடி இறுகி, மட்டங்களின் உயரமே மாறிவிடுகிறது. பூமியில் யாரும் பார்த்திராத கைரேகை அப்படித்தான் வந்தது. 1871இல் திருகோணமலைக்கு மேலே எரிந்த பச்சையும், அன்று இங்கே கோப்பி மலையில் கவ்வாத்துக் கத்தியாக இடுப்பில் தொங்கியதும் ஒரே பொருள்தான்.

அடுத்த இதழில்: குமாரசுவாமியும் கறுப்புக் கல்லும்.